நனவோடை: காற்புள்ளியை எடுத்துவிட்டால் போதுமா?

படலையடி (நல்லூர்) — வெள்ளி, பின்னேரம் 6.10

எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் நனவோடை உத்தியைப் பற்றி, அதாவது ஒரு பாத்திரத்தின் மனத்தில் ஓடும் எண்ணங்களை அவை ஓடுகிறபடியே எழுதும் முறையைப் பற்றி, அரை மணி நேரம் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வரைவிலக்கணம் மட்டும் சொல்லாமல் நானே ஒரு பந்தி எழுதிக் காட்டலாம் என்று எண்ணி, ஒரு வயோதிபப் பெண்ணின் மனத்தில் ஓடுவதை எழுதினேன். வட்டத்தின் மூத்தவர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, "இதில் காற்புள்ளி இல்லை, அவ்வளவுதான், ஓடையும் இல்லை, மனமும் இல்லை" என்று சொல்லிவிட்டார். அது எனக்கு வலித்தது. ஆனாலும் அவர் பிழையாகச் சொல்லவில்லை என்ற எண்ணம் இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. பந்தி இதுதான்:

"நான் விறாந்தையில் இருக்கிறேன் புகையிரதம் கூவுகிறது எனக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன என் கணவர் கொழும்பில் லிகிதராக வேலை செய்தார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாழ்தேவியில் வருவார் அவை மகிழ்ச்சியான நாட்கள் இப்போது அவர் இல்லை நான் தனிமையில் வாடுகிறேன்"

எங்கே பிழைத்தது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வடமராட்சி ஆசிரியை — வெள்ளி, இரவு 8.45

தம்பி, உங்கள் பந்தியில் உள்ள பெண் நினைக்கவில்லை. வீட்டுக்குப் புதிதாக வந்த ஒருவருக்குத் தன் கதையைச் சொல்கிறாள். "என் கணவர் கொழும்பில் லிகிதராக வேலை செய்தார்" என்று எந்த மனைவியும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில்லை, ஏனென்றால் அது அவளுக்குத் தெரிந்த விடயம். மனம் தனக்குத் தெரிந்ததைத் தனக்கு விளக்குவதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பின்னால் வரும்.

பேச்சுக்கு வேண்டிய வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். இந்தப் பெயர் இலக்கியத்தில் பிறந்ததன்று. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில், மனத்தைச் சங்கிலி என்றோ தொடர்வண்டி என்றோ சொல்வது பொருந்தாது, அதில் பொருத்துகள் இல்லை, அது ஓடுகிறது, ஆறு என்றோ ஓடை என்றோ சொல்வதே இயல்பு என்று எழுதினார். 1918இல் மே சின்க்ளேர் என்ற பெண் எழுத்தாளர், டொரத்தி றிச்சார்ட்சனின் நாவல் வரிசையைப் பற்றி எழுதிய மதிப்புரையில் அந்தச் சொல்லை நாவலுக்குக் கொண்டுவந்தார். றிச்சார்ட்சனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவேயில்லை என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். பெயர் வருவதற்கு முன்பே, 1887இல், எட்வார் துஜார்தன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஒரு முழு நாவலையும் ஓர் இளைஞனின் மனப்பேச்சாகவே எழுதியிருந்தார். அவரிடமிருந்து கற்றதாக ஜேம்ஸ் ஜொய்ஸ் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

நிறுத்தக்குறி விடயத்துக்கு வருகிறேன். 1922இல் வந்த ஜொய்ஸின் யுலிசிஸ் நாவலின் கடைசி அத்தியாயம், மோலி என்ற பெண் படுக்கையில் கிடந்தபடி நினைப்பது. அது நிறுத்தக்குறி இல்லாமல் எட்டு நீண்ட வாக்கியங்களாக ஓடுகிறது. பலர் அந்த அத்தியாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டு, அதுவே உத்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதே நாவலில் அவளுடைய கணவன் புளூமின் மனம் முற்றிலும் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அவனுடையவை துண்டு துண்டான சிறிய வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் முற்றுப்புள்ளி உண்டு, பல வாக்கியங்களில் வினையே இருக்காது. கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்கும் இளைஞன் ஸ்டீபனின் மனத்திலோ இலத்தீனும் சமய தத்துவமும் நிறைந்திருக்கின்றன. ஒரே ஊர், ஒரே நாள், 1904 யூன் 16, ஆனால் மூன்று மனங்களுக்கு மூன்று நடை. காற்புள்ளி இல்லாதது மோலியின் அடையாளம். உத்தியின் அடையாளம் அதுவன்று.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. புளூமுக்கு ஒரு மகன் பிறந்து 11 நாட்களில் இறந்துபோனான், பெயர் ரூடி. நாவல் அதைத் தொடக்கத்தில் நம்மை உட்காரவைத்துச் சொல்வதில்லை. காலையில் ஒரு முறை அந்தப் பெயர் மனத்தில் தட்டுப்படுகிறது. பிறகு மரணச் சடங்குக்குப் போகும் வண்டியில், பக்கத்தில் இருப்பவர் தம் மகனைப் பற்றிப் பேசும்போது, அவன் இருந்திருந்தால் என்று ஒரு கீற்று வந்து மறைகிறது. வாசகர்தான் அவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தகப்பன் ஒருவன் தன் துக்கத்தை வைத்திருக்கும் விதம் அதுவே அல்லவா? உங்கள் பெண் "தனிமையில் வாடுகிறேன்" என்று சொன்ன கணத்தில் நான் அவளை நம்புவதை நிறுத்திவிட்டேன்.

கேணிக்கட்டு (கீரிமலை) — சனி, காலை 7.20

ஆசிரியை அக்காவின் பதிவுக்குப் பிறகு நான் சொல்வதற்கு அதிகம் இல்லை, ஆனால் "ஓடை" என்ற சொல் எனக்கு எப்போதும் அந்நியமாகவே இருந்திருக்கிறது. எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடும். எங்கள் நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத பொந்துகளிலும் குகைகளிலும் கிடக்கிறது. நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று சிறுவயதில் எங்களுக்குச் சொல்லுவார்கள். அது உண்மையோ இல்லையோ, நிலத்துக்குக் கீழே ஒன்றோடொன்று தொடுப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையுடனேயே வளர்ந்தோம்.

வேர்ஜினியா வூல்ஃப் 1923இல் தம் நாட்குறிப்பில் எழுதிய ஒரு குறிப்பை வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. தம் பாத்திரங்களின் பின்னால் குகைகளைத் தோண்டுவதாகவும், அந்தக் குகைகள் தம்முள் இணைந்து ஒவ்வொன்றும் நிகழ்கணத்தில் வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்பதே தம் எண்ணம் என்றும் அவர் எழுதுகிறார். அவ்வேளையில் அவர் எழுதிக்கொண்டிருந்த மிஸிஸ் டலோவே 1925இல் வெளிவந்தது. அந்த நாவலில் கிளரிஸ்ஸா என்ற சீமாட்டியும் செப்ரிமஸ் என்ற முன்னாள் போர்வீரனும் ஒருவரையொருவர் ஒருபோதும் சந்திப்பதில்லை. அவர்கள் கேட்பது ஒரே மணிக்கூண்டின் ஓசையை, பார்ப்பது ஒரே வானத்தை. மேலே தொடர்பில்லாத இரண்டு கிணறுகளுக்குக் கீழே ஒரே நீர் கிடக்கிறது. எனக்கு இந்த உத்தி விளங்கியது ஓடையால் அன்று, கிணற்றால்தான்.

படலையடி (நல்லூர்) — சனி, காலை 9.05

நிலாவரையை எடுத்துக்காட்டாகச் சொன்னால் கூட்டத்தில் எல்லோருக்கும் உடனே விளங்கும். மணிக்கூண்டுக்கும் எங்களிடம் ஒன்று இருக்கிறது. நல்லூர்க் கோயிலின் பூசை நேரம் ஒரு நிமிடமும் தவறாது என்பார்கள். அந்த மணி கேட்கும்போது வீதியில் நிற்பவரும், கடைக்குள் இருப்பவரும், படுக்கையில் கிடப்பவரும் ஒரே கணத்தில் வெவ்வேறு இடங்களுக்குப் போகிறார்கள்.

பழஞ்சுவடி (சுன்னாகம்) — சனி, நண்பகல் 12.30

மேற்கு நாடுகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பு கண்டுபிடித்ததாகச் சொல்லும் இதை நாம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறோம் என்பதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அகத்திணைப் பாடல்கள் முழுவதும் மனத்தின் பேச்சே. திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்குப் பெயரே "நெஞ்சொடு கிளத்தல்".

வடமராட்சி ஆசிரியை — சனி, பின்னேரம் 4.15

ஐயா, அந்த அதிகாரத்தை நான் உயர்தர வகுப்புக்குப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன், அதன் மேல் எனக்கு உள்ள மதிப்பு குறைந்ததன்று. ஆனாலும் அதன் முதற்குறளைப் பாருங்கள்: "நினைத்தொன்று சொல்லாயோ நெஞ்சே" என்று தொடங்குகிறது. நெஞ்சே என்ற விளி வந்துவிட்டதென்றால் கேட்பதற்கு ஒருவர் வந்துவிட்டார் என்று பொருள். தலைவி தோழிக்குச் சொல்கிறாள், தோழி இல்லாவிட்டால் நெஞ்சுக்குச் சொல்கிறாள், நாரைக்கும் கடலுக்கும் சொல்கிறாள். சொல்வது என்று ஆனவுடன் அது ஒழுங்குபடுகிறது, தேர்ந்தெடுக்கப்படுகிறது. நனவோடை கேட்பார் இல்லாத இடத்தில் நிகழ்வது. இரண்டும் ஒன்றென்று சொன்னால் இரண்டினதும் அருமை குறைந்துவிடும்.

ஆனால் உங்கள் பெயரில் உள்ள சுவடி எனக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. எங்கள் ஏட்டுச்சுவடிகளில் நிறுத்தக்குறி இல்லை, பல ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இல்லை. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகக் கையாண்டு நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் நல்லூர் ஆறுமுக நாவலர், 1822 முதல் 1879 வரை வாழ்ந்தவர். குறியில்லாத பக்கம் ஆங்கில வாசகருக்கு ஓர் அதிர்ச்சியாக இருந்தது. தமிழுக்கோ அது பழைய வீடு. ஆகவே தமிழில் எழுதுபவர் குறிகளை நீக்குவதால் மட்டும் புதிதாக எதையும் செய்துவிடுவதில்லை. வேறு எதை நீக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். அதைப் பற்றி ஆறுதலாக எழுதுகிறேன்.

செம்மண் (இணுவில்) — சனி, இரவு 9.50

நான் எங்கள் மார்க்சியத் திறனாய்வாளர்களான கைலாசபதியையும் சிவத்தம்பியையும் வாசித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன். அதனால் இங்கே யாரும் எழுப்பாத கேள்வியை எழுப்ப வேண்டியது என் கடமை. ஹங்கேரிய மார்க்சியத் திறனாய்வாளர் ஜோர்ஜ் லூக்காச் இந்த உத்தியை மறுத்தது அதன் கடினத்துக்காக அன்று. ஜேர்மன் நாவலாசிரியர் தோமஸ் மானும் மனப்பேச்சை எழுதினார். அவரிடம் அது ஒரு கருவி, அதற்கு அப்பால் ஒரு சமூகம் தெரிகிறது. ஜொய்ஸிடம் மனப்பேச்சே நாவலின் வடிவமாகிவிடுகிறது, உலகம் ஒரு தலைக்குள் கரைந்துவிடுகிறது. அதுதான் லூக்காச்சின் வாதம். எங்கள் மண்ணில் இந்தக் கேள்விக்கு இன்னும் கூர்மை உண்டு. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவனின் கதையில், அவனை நிறுத்திய கதவு வெளியே இருந்தது, அவன் மனத்துக்குள் இருக்கவில்லை. உள்ளே ஓடுவதை மட்டும் எழுதினால் கதவைப் பற்றி யார் எழுதுவது? அத்துடன், விறாந்தையில் சாய்ந்திருந்து நினைவில் மிதக்க நேரம் உள்ளவர்களின் உத்தி இது என்ற ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை.

கேணிக்கட்டு (கீரிமலை) — ஞாயிறு, காலை 8.00

அண்ணை, கதவைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஓய்வு உள்ளவர்களின் உத்தி என்பதை ஏற்க முடியவில்லை. வில்லியம் ஃபோக்னர் 1930இல் எழுதிய நாவலில் ஓர் ஏழை விவசாயக் குடும்பம் தாயின் சவப்பெட்டியை மாட்டுவண்டி போன்றதொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, பெருகிய ஆற்றைக் கடந்து, அவள் கேட்ட இடத்தில் புதைக்கப் போகிறது. 59 பகுதிகள், 15 பேரின் மனங்கள். அதில் கடைசிப் பையனின் ஒரு பகுதி ஒரே ஒரு வரி: தன் தாய் ஒரு மீன் என்கிறான். அவன் அன்று ஒரு பெரிய மீனைப் பிடித்து வெட்டியிருந்தான், அதே நாளில் தாய் இறந்தாள், இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வயது அவனுக்கு இல்லை. வெளியிலிருந்து எழுதும் எந்த விளக்கத்தாலும் அந்த ஒரு வரிக்கு ஈடுகொடுக்க முடியாது. உழைப்பவனுக்கு மனம் இல்லை என்று நீங்கள் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த உத்தியை அவனுக்குத் தராமல் விட்டது எழுதியவர்களின் குறை, உத்தியின் குறையன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிஸிஸ் டலோவேயில் ஓர் இடத்தில் இலண்டன் வானத்தில் ஒரு விமானம் வருகிறது, தெருவில் நிற்கும் அனைவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அது புகையால் ஏதோ விளம்பர எழுத்துகளை எழுதுகிறது. ஆளுக்கொரு விதமாக அதை வாசிக்கிறார்கள். போரிலிருந்து வந்த செப்ரிமஸோ அது தனக்கு வந்த சைகை என்று நினைத்துக் கண்ணீர் விடுகிறான். அந்த நாவலின் நாள் போர் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிந்தியது. நான் அந்தப் பக்கத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் இன்றும் தாழப் பறக்கும் விமானத்தின் ஓசை கேட்டால் என் மூத்த சகோதரி கையில் உள்ளதை வைத்துவிட்டு ஒரு கணம் அசையாமல் நிற்பார். பங்கர் மூடப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன, அந்த இடத்தில் இப்போது வாழை நிற்கிறது. அவருடைய கால் மட்டும் அந்தப் பக்கம் அரையடி திரும்பும். அந்த அரையடித் திருப்பத்துக்குள் இருப்பதை, நடந்தவற்றை வரிசையாகச் சொல்லும் எந்தக் கதையாலும் எழுத முடியாது. அண்ணை, அந்த விமானம் வெளியேதான் இருந்தது. அது எங்கே போய்த் தங்கியது என்பதையும் எழுத வேண்டும் அல்லவா?

செம்மண் (இணுவில்) — ஞாயிறு, காலை 10.25

வாழை நிற்கிறது என்பதை வாசித்தேன். எங்கள் வளவிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. என் கேள்வியை முற்றாக விடவில்லை, ஆனால் ஓய்வு பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

யாழ்தேவிக்காரன் (ரொறன்ரோ) — ஞாயிறு, இரவு 11.40

நான் இலக்கியம் படித்தவன் அல்லன். முதற்பதிவில் இருந்த பந்தியைப் பார்த்ததால் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பெண் ஏறக்குறைய என் தாயார்.

எங்கள் வீடு யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அப்பா கொழும்பில் லிகிதர். மாதத்தில் இரண்டு முறை வெள்ளிக்கிழமைகளில் வருவார். 1990இல் புகையிரதம் நின்றது. 2014 ஒக்ரோபரில் மீண்டும் வந்தபோது அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன, அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கி இரண்டு ஆண்டுகள். அடுத்த ஆண்டு நான் விடுமுறையில் ஊருக்குப் போய் ஆறு கிழமைகள் அம்மாவுடன் இருந்தேன்.

24 ஆண்டுகள் கேட்காத ஓசை அது. கூவல் கேட்டவுடன் அம்மா எழுந்து குசினிக்குள் போவார். எதையும் நினைத்துப் பார்ப்பதாகவோ, கவலைப்படுவதாகவோ முகத்தில் ஒன்றும் இருக்காது. அவருக்கு அது நினைவு அன்று, வேலை. அடுப்பைப் பார்ப்பார், "உலை வைக்கேல்லையே" என்பார். ஒரு நாள் திடீரென்று, "அப்பிள் போட்டுது" என்றார். எந்த அப்பிள் என்று நான் கேட்டேன், பதில் இல்லை. மறுநாளும் அதே ஓசை, அதே "அப்பிள் போட்டுது". ஊரை விட்டுப் புறப்படும் நாளில் சின்னம்மாவிடம் கேட்டபோதுதான் விடயம் தெரிந்தது: நான் பிறப்பதற்கு முன்பு ஒரு முறை, அப்பா கொழும்பிலிருந்து அம்மாவுக்கு வாங்கிவந்த அப்பிள் பையை இருக்கைக்குக் கீழே மறந்துவிட்டு இறங்கிவிட்டாராம். வண்டி அதைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோய்விட்டது. அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

ஆசிரியை அக்கா, நீங்கள் ரூடியைப் பற்றி எழுதியதை மூன்று முறை வாசித்தேன்.

வடமராட்சி ஆசிரியை — திங்கள், பின்னேரம் 5.30

தம்பி, உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஃபோக்னரின் 1929ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் பெஞ்சி என்ற 33 வயது மனிதன் வருகிறான். காலம் என்பதே அவனுக்கு இல்லை. கோல்ஃப் விளையாடுபவர்கள் தங்கள் உதவியாளனைக் கூப்பிடும் சொல், அவன் இழந்த அக்காவின் பெயரைப் போல ஒலிக்கிறது. அவன் அழத் தொடங்குகிறான், ஏன் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஓர் ஓசை, உடனே முப்பது ஆண்டுகள். நடுவில் "நினைவுக்கு வந்தது" என்ற பாலம் இல்லை. உங்கள் தாயாரிடமும் அது இருக்கவில்லை என்றீர்கள். முதற்பதிவின் பந்தியில் நான் முதலில் வெட்டச் சொல்வது அந்தப் பாலத்தைத்தான்.

இனி, தமிழில் எதை நீக்க வேண்டும் என்ற என் கேள்விக்கு வருகிறேன். இதைப் பல ஆண்டுகளாக யோசித்து வந்திருக்கிறேன், அதனால் சற்று நீளும்.

மிஸிஸ் டலோவேயை வூல்ஃப் ஏறக்குறைய முழுவதும் படர்க்கையில், இறந்தகாலத்தில், நிறுத்தக்குறிகள் நிறைந்த வாக்கியங்களில் எழுதுகிறார். "என்று கிளரிஸ்ஸா நினைத்தாள்" என்பதைக்கூட அவர் மறைப்பதில்லை, ஆங்கிலத்தில் அதை வாக்கியத்தின் நடுவில் எங்கும் மெல்லச் செருகிவிடலாம். தமிழில் முடியாது. நினைவு முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் "என்று" வரும். அதாவது தமிழ் வாசகர் ஒரு நினைவை வாசிக்கும்போது, அது எவருடையது என்று தெரியாமலே கடைசிவரை அதனுள் இருக்கப் பழகியவர். "என்று" வந்து கதவைச் சாத்துகிறது. அந்த "என்று" வராமல் விட்டால் கதவு திறந்தே கிடக்கும். நம் மொழியில் நனவோடையின் முதல் வேலை காற்புள்ளியில் இல்லை, இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இரண்டாவது "தான்". "அவள் ஏன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை?" என்று எழுதினால் கேட்பவர் கதைசொல்லி. "தான் ஏன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை?" என்று எழுதினால், "என்று" இல்லாமலே, கேட்பவள் அவள்தான். "திறக்கவில்லை" என்ற வினையில் ஏன், ஆள், ஆன் என்று இடம் காட்டும் விகுதி எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். தன்மைக்கும் படர்க்கைக்கும் நடுவில் அது தத்தளித்து நிற்கிறது. படர்க்கையில் எழுதிக்கொண்டே ஒருவரின் தலைக்குள் நிற்பதற்கு இவ்வளவு வசதி தமிழில் இருந்தும், நாம் இவற்றைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டு முற்றுப்புள்ளிகளை அழித்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவதுதான் எனக்கு மிக நெருக்கமானது: மனம் எந்தத் தமிழில் ஓடுகிறது? நான் இப்போது இங்கே எழுதும் தமிழில் என் மனம் ஓடுவதில்லை. "என்று" என்றுகூட அது சொல்வதில்லை, "எண்டு" என்கிறது. ஆனால் பேச்சுத் தமிழ் மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அடுப்படியில் நிற்கும்போது எனக்குள் தேவாரத்தின் ஓரடி வருகிறது, பரீட்சை வினாத்தாளில் வரும் "பின்வருவனவற்றுள்" வருகிறது, பத்திரிகையின் மரண அறிவித்தல் வாசகம் வருகிறது, அம்மாவின் ஏச்சும் வருகிறது. ஒருவரின் மனத்தை எழுதுவதென்றால் அந்த மனத்தில் எந்தெந்தத் தமிழ்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் பேச்சில் இன்னும் ஒரு செல்வம் இருக்கிறது. அ, இ, உ மூன்றையும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. உகரச் சுட்டு இன்று தமிழகத்துப் பேச்சில் இல்லை, எங்கள் வாயில் உயிரோடு இருக்கிறது. கேட்பவருக்கு அருகில் உள்ளதை நாம் "உது" என்கிறோம். ஒரு பெண் தனியாக இருக்கும்போது படலையில் சத்தம் கேட்டு "உது ஆர்?" என்று தனக்குள் நினைத்தால், அந்த "உது" எவருக்கு அருகில்? கேட்பார் எவரும் இல்லை. ஆனால் மனம் ஒருவரை அங்கே வைத்துக்கொள்கிறது. வாசகர் போய் நிற்க வேண்டிய இடம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழஞ்சுவடி (சுன்னாகம்) — திங்கள், இரவு 7.15

அம்மையார் சொன்ன விளி பற்றிய வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். நம் எழுத்தாளர்களில் யாரை எடுத்துக்காட்டாகக் காட்டலாம்? மௌனி, லா.ச.ரா., நகுலன் என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

கேணிக்கட்டு (கீரிமலை) — திங்கள், இரவு 8.30

மூவரையும் ஒரே கயிற்றில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. லா.ச.ராவின் சொற்கள் ஒலிக்கும் விதத்தில் நான் மயங்கியிருக்கிறேன், ஆனால் அவருடைய கதைமாந்தர் எவருடைய மனத்துக்குள் போனாலும் எனக்குக் கேட்பது லா.ச.ராவின் குரல். அது ஓர் உபாசனை, அதன் அளவில் பெரியது. நகுலன் 1972இல் வெளியிட்ட நினைவுப் பாதையில் எண்ணங்கள் அறுந்து அறுந்து வரும் விதம் இந்த உத்திக்கு மிக அருகில் வருகிறது. மௌனியிடம் மனம் ஓடுவதை விட உறைந்து நிற்பதையே நான் அதிகம் காண்கிறேன். எங்கள் பக்கத்தில் எஸ்.பொ. (எஸ். பொன்னுத்துரை) எழுதிய சடங்கு என்ற நாவல் இருக்கிறது. கொழும்பிலிருந்து வீட்டுக்கு வரும் ஒரு லிகிதரின் சில நாட்களுக்குள் அது அடங்கிவிடுகிறது. அதை நனவோடை நாவல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம்மூர் மனிதன் மனத்துக்குள் எந்தத் தமிழில் ஆசைப்படுகிறான் என்று அறிய விரும்புபவர் அதை வாசிக்க வேண்டும்.

படலையடி (நல்லூர்) — புதன், இரவு 10.10

இரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டேன். ரொறன்ரோ அண்ணா, உங்கள் தாயாரின் அப்பிளை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் உடனே நீக்கிவிடுவேன், கூட்டத்திலும் வாசிக்கமாட்டேன். நிறுத்தக்குறிகளை இம்முறை அழிக்கவில்லை. "என்று நினைத்தாள்" எங்கும் இல்லை. மறதி நோய் உள்ளவர் என்பதையும் சொல்லவில்லை.

"கோச்சி. பிந்திப்போச்சு இண்டைக்கு. உலையிலை அரிசி போடேல்லை இன்னும், கீரை ஆயவேணும். உது ஆர் படலையிலை, சின்னவனோ. இல்லை, காத்து. காத்துக்கு உந்தப் படலை ஒருநாளும் நிண்டு பிடிக்காது. அவர் வந்தால் ஆணி அடிப்பர், போன மாசமும் அடிக்கிறன் எண்டுதான் சொன்னது. அப்பிள் போட்டுது. சீற்றுக்குக் கீழை. காங்கேசன்துறை மட்டும் போயிருக்கும், ஆர் திண்டுதுகளோ. நீலச் சேட்டு கொடியிலை, காஞ்சிருக்கும் இப்ப. என்ன சத்தத்தைக் காணேல்லை. எல்லாரும் இறங்கியிருப்பினம் தானே."

வடமராட்சி ஆசிரியை — வியாழன், காலை 6.40

தம்பி, கடைசி வாக்கியத்தை வாசித்துவிட்டுச் சற்று நேரம் எழுதாமல் இருந்தேன். ஒரு சிறிய குறை: "ஒருநாளும்" என்பது அந்த இடத்தில் கொஞ்சம் எழுத்துத் தமிழாக நிற்கிறது, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வேறு ஒன்றிலும் கை வைக்க வேண்டாம்.

யாழ்தேவிக்காரன் (ரொறன்ரோ) — வியாழன், காலை 7.55

தாராளமாக வாசியுங்கள் தம்பி. அம்மா சென்ற ஆண்டு காலமானார், இதை அவருக்கு வாசித்துக் காட்ட முடியாது என்பது மட்டும்தான் குறை.

ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டும். "அவர் வந்தால் ஆணி அடிப்பர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா அப்பாவை ஒருநாளும் "அவர்" என்று சொன்னதில்லை. அப்பா கொழும்பில் இருந்தபோதும் "இவர்" தான், இறந்த பிறகும் "இவர்" தான். ஆசிரியை அக்கா சுட்டைப் பற்றி எழுதியதை வாசித்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

படலையடி (நல்லூர்) — வியாழன், காலை 8.20

மாற்றிவிட்டேன் அண்ணா.

"காத்துக்கு உந்தப் படலை நிண்டு பிடிக்காது. இவர் வந்தால் ஆணி அடிப்பர், போன மாசமும் அடிக்கிறன் எண்டுதான் சொன்னது."